டெரின்குயு: தரைக்குக் கீழே எட்டு மட்டம்

அக்டோபர் 12, 2024, சனி. நெவ்ஷெஹிர் பேருந்து நிலையம்

புரட்டாசி நாலாவது சனிக்கிழமை, விஜயதசமி வேறு. ஊரில் இருந்திருந்தால் அக்கா இந்நேரம் தளிகை போட்டு முடித்திருப்பாள். இங்கே காலை ஏழு மணிக்கு, துருக்கியின் நட்டநடுவில், பேருந்து நிலையத்துச் சில்லிட்ட பெஞ்சில் சால்வையைத் தலையோடு போர்த்தி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் நான், இரண்டு பெட்டி, ஒரு புளிக்காய்ச்சல் டப்பா.

இஸ்தான்புல்லில் இருந்து இரவுப் பேருந்து, பதினோரு மணி நேரம். கப்பதோக்கியா என்ற இந்த எரிமலைப் பாறைப் பிரதேசத்தில் நாங்கள் தங்கப்போகும் ஊர் கோரெமே. சீட்டு வாங்கும்போது அதுவரைக்கும் என்றுதான் சொன்னார்கள். விடிந்ததும் நெவ்ஷெஹிரில் எல்லாரையும் இறக்கிவிட்டு, "சர்வீஸ், சர்வீஸ்" என்று ஒரு மூலையைக் கைகாட்டிவிட்டு பஸ் கிளம்பிவிட்டது. சர்வீஸ் என்றால் அங்கிருந்து ஊருக்குள் கொண்டுபோய் விடும் இலவச வேன். ஐம்பது நிமிடம் நின்றோம். வேனும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

ஆனால் அதே பஸ்ஸில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் பாட்டிலோடு வந்து ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் எதையோ ஊற்றிக்கொண்டே போனான். தூக்கக் கலக்கத்தில் அக்கா தீர்த்தம் என்று நினைத்து, வலது கையைக் குழித்து வாங்கி வாய்க்கே கொண்டுபோய்விட்டாள். சட்டென்று மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். அது கொலோன்யா. எலுமிச்சை வாசனை போட்ட ஆல்கஹால். கையில் தேய்த்து முகத்தில் ஒற்றிக்கொள்ள வேண்டும். இந்த நாட்டில் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும் பஸ்ஸில் ஏறுகிறவருக்கும் இதுதான் பன்னீர்.

பசி. நிலையத்துக்குள்ளேயே ஒரு சாப்பாட்டுக் கடை. அக்காவுக்கு விரதம். ஐப்பசி பிறக்கும்வரை கறி, மீன், முட்டை கிடையாது. எனக்கும் விரதம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். மைசூர்ப் பருப்பை வேகவைத்துக் கடைந்த சூப் இருந்தது, மெர்ஜிமெக் சோர்பா. அதை எலும்புச் சாற்றில் வைப்பவர்களும் உண்டு என்று கேள்விப்பட்டிருந்ததால், மனப்பாடம் செய்துவைத்த ஒரே துருக்கி வாக்கியத்தை எடுத்துவிட்டேன்: "எத் சுயு வார் மே?" இறைச்சித் தண்ணீர் சேர்த்திருக்கா? கடைக்காரர் நெஞ்சில் கை வைத்து, "யோக், அப்லா, யோக்" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். நம்பமாட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளே போய் வெங்காயமும் பருப்பும் ஒரு தட்டில் எடுத்துவந்து காட்டினார்.

"அப்லான்னா என்னடா?"

"அக்கா."

அவ்வளவுதான், அவளுக்குக் குளிர் போய்விட்டது. முன்பின் தெரியாதவர்களை அக்கா, அண்ணன், சித்தி என்று முறை வைத்துக் கூப்பிடுவது இந்த ஊரிலும் வழக்கம். எலுமிச்சை பிழிந்து, சிவப்பு மிளகாய்த்தூள் தூவிச் சாப்பிட்டோம். ஒரு கிண்ணம் 90 லீரா, நம் காசுக்கு 220 ரூபாய் பக்கம். ரொட்டி எவ்வளவு கேட்டாலும் சும்மா. வேன் கதையைக் கேட்டுவிட்டு அவரே ஒரு பையனைக் கூப்பிட்டு, உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றும் வண்டியில் எங்களைக் கோரெமேயில் விடச் சொன்னார். 200 லீரா. டாக்சிக்காரர் கேட்டது 500.

அக்டோபர் 13, ஞாயிறு. கோரெமே

கப்பதோக்கியாவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பலூனுக்குத்தான் வருகிறார்கள். நானும்தான். ஆளுக்கு 180 யூரோ கட்டி, காலை நாலரைக்கே ஸ்வெட்டர், குல்லாயோடு தயாராகி உட்கார்ந்திருந்தோம். ஐந்தே காலுக்கு விடுதிப் பையன் வந்து, காற்று அதிகம், இன்று எதுவும் பறக்காது, பணம் திரும்ப வரும் என்றான். முகம் தொங்கிப்போனது எனக்கு. அக்காவோ மறுபடி போர்வைக்குள் நுழைந்து, "பூமியில கால் வெச்சிருக்கறதே பெரும்பாடு" என்றாள்.

தூக்கம் வராமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். தங்கியிருப்பது குகை அறை. மலையைக் குடைந்து கட்டில் போட்டு, குளியலறையும் வைத்திருக்கிறார்கள். நிழற்படத்தில் பார்க்க அரண்மனை மாதிரி இருக்கும். நிஜத்தில் லேசாக ஈர வாசனை. ராத்திரி கழற்றி மாட்டிய கறுப்புச் சட்டையின் தோள்பட்டையில் காலையில் வெள்ளையாக மாவு. விரல் நகத்தால் சுவரை ஒரு இழு இழுத்தேன். கோடு விழுந்தது. நகக்கண்ணில் சாம்பல் நிறத்தில் தூள், தேய்த்தால் பல்பொடி போல. கல் என்று நினைத்துப் படுத்திருந்தது இறுகிப்போன சாம்பலுக்குள்.

நிஜமாகவே சாம்பல்தான். இந்தச் சமவெளியைச் சுற்றிப் பெரிய எரிமலைகள். எர்ஜியெஸ் 3,917 மீட்டர், இங்கிருந்தே உச்சியில் வெள்ளை தெரிகிறது. தென்மேற்கே ஹசன் மலை. லட்சக்கணக்கான ஆண்டுகளாக இந்தப் பக்கத்து எரிமலைகள் கக்கிய சாம்பல் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியதுதான் டஃப் என்ற இந்தப் பாறை. சாதாரண இரும்பு உளி போதும், வெட்டிவிடலாம். வெட்டிய முகம் காற்றுப் பட்டதும் கொஞ்சம் கெட்டிப்படும். மேலே கடினமான பாறை தொப்பி மாதிரி உட்கார்ந்த இடங்களில் மட்டும் அடியில் உள்ள டஃப் மழைக்குக் கரையாமல் தூண் தூணாக நிற்கிறது. "பெரி பஜாசே" என்கிறார்கள், தேவதைகளின் புகைபோக்கி. அக்காவுக்கு அது காளான்.

பகலில் பள்ளத்தாக்கில் நடந்தோம். பாறை முகமெல்லாம் சின்னச் சின்னப் பொந்து, சுற்றிலும் சிவப்புச் சாயத்தில் கோலம் மாதிரி. புறாக்களுக்காக வெட்டியவை. கறிக்காக அல்ல, எச்சத்துக்காக. திராட்சைத் தோட்டத்துக்கு உரம். இந்த ஒரு விஷயத்தில் அக்காவுக்கு இந்த ஊர்க்காரர்கள் மேல் மரியாதை வந்துவிட்டது.

மதியம் பக்கத்து மேசையில் மண்சட்டியைச் சுத்தியலால் தட்டி உடைத்து ஆட்டுக்கறியைக் கொட்டினார்கள். நான் பார்த்தேன். அக்கா நான் பார்ப்பதைப் பார்த்தாள். உருளைக்கிழங்கு வைத்த கோஸ்லெமே ஆளுக்கொன்று, சப்பாத்திக்கும் தோசைக்கும் நடுவில் ஒரு சாதி, 150 லீரா. விலைப் பட்டியலில் ஒவ்வொரு விலை மேலும் ஒரு ஸ்டிக்கர். ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர். அடியில் இருந்தது 90.

அக்டோபர் 14, திங்கள். டெரின்குயு

நெவ்ஷெஹிர் போய் வேன் மாறி, தெற்கே 29 கிலோமீட்டர். பாறை, தூண், பள்ளத்தாக்கு எல்லாம் முடிந்து தட்டையான விவசாய பூமி. வழியெல்லாம் வயலில் பரங்கிக்காய் பிளந்து கிடக்கிறது, ஆயிரக்கணக்கில். விதையை மட்டும் எடுத்துக்கொண்டு சதையை அப்படியே மண்ணில் விட்டுவிடுகிறார்கள். பரங்கி விதைதான் இங்கே காசு, வறுத்து உப்புப் போட்டு ஊர் முழுக்கக் கொறிக்கிறது. "ஒரு தாளிப்புப் போட்டாப் போதுமேடா," என்று அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வயிறெரிந்துகொண்டே வந்தாள்.

டெரின்குயு என்றால் ஆழமான கிணறு. டெரின் ஆழம், குயு கிணறு. இறைச்சித் தண்ணீருக்கு சுயு, கிணற்றுக்குக் குயு என்று சொல்லிக்கொடுத்தேன். அன்றிலிருந்து அக்கா சூப் கடையில் இறைச்சிக் கிணறு இருக்கிறதா என்றுதான் கேட்கிறாள்.

ஊரைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கல் வீடுகள், ஒரு மசூதி, கிரேக்கர்கள் விட்டுப்போன 19-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், டீக்கடையில் கிழவர்கள். இதற்கு அடியில் குடைந்திருக்கும் சுரங்க நகரத்தில் 20,000 பேர் ஆடு மாடுகளோடு தங்கியிருக்க முடியும் என்பது கணக்கு. மொத்த ஆழம் ஏறக்குறைய 85 மீட்டர். எங்கள் தாத்தா காட்டில் வெட்டிய கிணறு 90 அடி; எட்டிப் பார்த்தாலே எனக்குத் தொடை நடுங்கும். இது அதைப்போல மூன்று.

நுழைவுச் சீட்டு ஆளுக்கு 13 யூரோ. வழிகாட்டி ஒருவரைப் பிடித்தோம், அறுபதைத் தாண்டியவர், 600 லீரா, ஆங்கிலம் நன்றாகவே பேசினார். 1963-இல் ஒருவர் வீட்டைப் புதுப்பிக்க ஒரு சுவரை இடித்தாராம், சுவருக்குப் பின்னால் அறை, அறைக்குப் பின்னால் சுரங்கம். கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனதால்தான் தேட ஆரம்பித்தார் என்றும் ஒரு கதை உண்டு என்று கண்ணடித்தார். 1969-இல் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

முதல் மட்டம் தொழுவம். பாறையிலேயே தீவனத் தொட்டி, கயிறு கட்ட ஓட்டை. மாட்டை அதற்குக் கீழே இறக்க முடியாது என்பது ஒரு காரணம், நாற்றம் மேலோடு போகும் என்பது இன்னொன்று. பக்கத்தில் திராட்சை மிதிக்கும் தொட்டி, சாறு வடியக் கால்வாய். அடுத்த மட்டத்தில் வளைந்த கூரையோடு நீளமான ஒரு கூடம், மதப் பள்ளிக்கூடமாக இருந்தது என்றார். முப்பத்திரண்டு வருஷம் வாத்தியார் வேலை பார்த்த அக்கா வாசலிலேயே நின்று இடத்தை அளந்தாள். "காத்து வருது. வெளிச்சம்தான் பத்தாது." ஆளிவிதை எண்ணெய் விளக்கு ஏற்றுவார்களாம்.

காற்று நிஜமாகவே வருகிறது. அதுதான் இந்த இடத்தின் சூட்சுமம். ஐம்பதுக்கும் மேற்பட்ட காற்றுத் துளைகள் மேலிருந்து கீழ்வரை. பெரியது 55 மீட்டர். அதிலேயே அடியில் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். சில கிணறுகளுக்கு மேலே வாயே கிடையாது. தரையில் திறந்து வைத்தால் முற்றுகை போட்டவன் நஞ்சைக் கலந்துவிடுவான் அல்லவா.

கதவுதான் என்னை நிறுத்தியது. மாவரைக்கும் திரிகைக் கல் மாதிரி வட்டமான ஒற்றைக் கல், என் நெஞ்சு உயரம், ஒரு முழம் கனம். பாதையின் பக்கவாட்டில் அதற்கென்று வெட்டிய பொந்தில் நிற்கிறது. ஆபத்து வந்தால் உள்ளே இருப்பவர்கள் நெம்பி உருட்டிப் பாதையை அடைத்துவிடுவார்கள். வெளியே நிற்பவனுக்குப் பிடிக்க விளிம்பில்லை, பாதை ஒடுக்கம் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவன்தான் தள்ள முடியும். நடுவில் ஒரு ஓட்டை. அதன் வழியே பார்க்கலாம், ஈட்டியும் விடலாம். ஒவ்வொரு மட்டத்துக்கும் தனித்தனிக் கதவு. முதல் மட்டம் விழுந்தாலும் இரண்டாவது நிற்கும். கல்லின் விளிம்பைத் தடவினேன். ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது.

முதலில் தோண்டியவர்கள் இந்தப் பக்கத்தில் வாழ்ந்த ஃபிரிஜியர்கள் என்ற பழைய இனத்தவர், கிறிஸ்து பிறப்பதற்கு ஏழெட்டு நூற்றாண்டு முன்பு என்று துருக்கிப் பண்பாட்டுத் துறை சொல்கிறது. இவ்வளவு பெரிதாக ஆனது கிறிஸ்தவ பைசாந்தியப் பேரரசின் காலத்தில், அரபுப் படைகள் திரும்பத் திரும்ப வந்தபோது. இதெல்லாம் பழங்கதை என்று நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் 1909 என்றார். அந்த வருஷம் தெற்கே அதானா நகரத்தில் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்ட செய்தி வந்ததும், இந்தப் பகுதியில் அக்ஸோ என்ற ஊரின் கிரேக்கர்கள் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டார்கள். சில இரவுகள் மேலே தூங்கவே இல்லை. அந்தச் சமயத்தில் இங்கே மொழி ஆய்வுக்கு வந்திருந்த டாக்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதிவைத்திருக்கிறார். 1909-இல் எங்கள் தாத்தாவுக்கு நாலு வயது.

"கக்கூஸ் எங்கீங்க?" என்று அக்கா கேட்கச் சொன்னாள். தயங்கித்தான் மொழிபெயர்த்தேன். வழிகாட்டி சிரிக்கவில்லை. தத்லரின் என்ற ஊரின் சுரங்கத்தில் கழிப்பறை இருக்கிறது, ஆனால் இங்கே காட்ட ஒன்றும் இல்லை என்றார். "பொம்பளைங்களைக் கேக்காம வெட்டியிருக்கானுக," என்றாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

இனி என் கதை. கீழ் மட்டத்துக்குப் போகும் பாதை ஐந்தடி உயரம்கூட இல்லை, அகலம் என் இரண்டு தோள். படிகள் சரிந்து சரிந்து இறங்கிக்கொண்டே இருக்கின்றன. குனிந்தபடி இறங்குகிறேன், எனக்கு முன்னால் ஒரு ஆஜானுபாகு, அவர் முதுகைத் தவிர உலகத்தில் வேறெதுவும் தெரியவில்லை. பாதி வழியில் அவர் நின்றார். கீழிருந்து இன்னொரு சுற்றுலாக் குழு ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் திரும்பினால் எங்களுக்குப் பின் இறங்கியவர்கள். என் முதுகுப்பை கூரையில் சிக்கிக்கொண்டது. நிமிரவும் முடியாது, உட்காரவும் முடியாது. காற்று வருகிறது என்று கொஞ்ச நேரம் முன்புதான் வியந்திருந்தேன்; இப்போது அது எங்கே போனது என்று தெரியவில்லை. காதுக்குள் என் நெஞ்சு அடிக்கிறது. வாய் திறந்து "அக்கா" என்றேன். அவள் எனக்கு நாலு பேர் முன்னால் போய்விட்டிருந்தாள்.

பின்னாலிருந்து ஒரு கை என் முதுகில் பட்டது. தள்ளவில்லை, சும்மா வைத்தது. "யாவாஷ், யாவாஷ்." மெதுவா, மெதுவா. முதுகுப்பையை ஒரு கையால் அழுத்திக் கூரையிலிருந்து விடுவித்து, அதே கையால் குழந்தையைத் தட்டுவதுபோலத் தட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிடம் இருக்கும். கூட்டம் நகர்ந்தது. கீழே அகலமான இடம் வந்ததும் திரும்பிப் பார்த்தேன். பூப்போட்ட தலைத்துணி கட்டிய ஒரு பாட்டி, எழுபதுக்கு மேல், என் இடுப்பு உயரம். பேரன் பேத்திகளோடு வந்திருந்தார். கைப்பையிலிருந்து கொலோன்யா பாட்டிலை எடுத்து என் கையில் ஊற்றி, முகத்தில் தேய்க்கச் சொல்லிச் சைகை காட்டினார். "கெச்மிஷ் ஓல்சுன்" என்றார். உடம்புக்கு முடியாதவர்களைப் பார்த்துச் சொல்வது, கடந்து போனதாக இருக்கட்டும் என்று பொருள் என வழிகாட்டி சொன்னார்.

நான் நின்றது சிலுவை வடிவில் வெட்டிய ஒரு தேவாலயத்துக்குள். வெறும் சுவர், ஓவியம் கிடையாது. இங்கே வந்து பிரார்த்தனை செய்தவர்கள் எதைக் கேட்டிருப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1923-இல் துருக்கியும் கிரேக்கமும் மக்களை மாற்றிக்கொண்டபோது இந்த ஊர்க் கிரேக்கர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். சுரங்கம் தெரிந்தவர்கள் போனதும் சுரங்கமும் மறந்துபோனது. நாற்பது வருஷம். பிறகு அந்தச் சுவர்.

மேலே வந்து டீ. டியூலிப் பூ வடிவக் கண்ணாடித் தம்ளர், 15 லீரா. வெயில் முகத்தில் பட உட்கார்ந்திருந்தோம். இரண்டு தம்ளர் குடித்து முடிக்கும்வரை என் கை நடுங்கியது. டீக்கடைப் பையன் அக்காவைத் "தெய்ஸே" என்று கூப்பிட்டான்.

"அது என்ன?"

"பெரியம்மா."

அவனுக்கு டிப்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 15, செவ்வாய். கய்மக்லி, ஓர்தஹிசார்

இரண்டு பேருக்கும் தொடை பிடித்துக்கொண்டது. அக்கா படியில் பக்கவாட்டாக இறங்குகிறாள், நண்டு மாதிரி.

கய்மக்லி இன்னொரு சுரங்க நகரம். அங்கே நான் வரமாட்டேன் என்றேன். "நேத்து உன்னை ஒரு பாட்டி தூக்கி விட்டாங்க, இன்னிக்கு நான் இருக்கேன், வாடா" என்று இழுத்துப் போனாள். பயந்த அளவுக்கு இல்லை. டெரின்குயு கிணறு மாதிரி செங்குத்தாக இறங்குகிறது, இது படுக்கைவாக்கில் பரவுகிறது. நாலு மட்டம்தான் திறந்திருக்கிறது. அதிகம் இருப்பது சேமிப்பு அறைகள், சாடி வைக்கும் குழிகள். மூன்றாம் மட்டத்தில் ஒரு கருங்கல், மேலே குழி குழியாக, 57 குழி. செம்பு தட்டிய கல் என்கிறார்கள். பயந்து ஒளிந்த இடத்தில் பட்டறையும் வைத்திருந்திருக்கிறார்கள்.

வெளியே ஊர்க்காரர்களின் வீட்டுப் பின்கட்டிலேயே சுரங்க வாய் இருக்கிறது. மூட்டை முடிச்சு போட்டுவைக்கிற இடமாக இன்றும் பயன்படுகிறது. ஒரு வீட்டுக்காரர் அக்காவை அப்லா என்று அழைத்துக் காட்டினார், சுரங்க வாசலில் ஒரு பழைய சைக்கிள், வெங்காயம், குழந்தைத் தொட்டில்.

பிற்பகல் ஓர்தஹிசார். மத்தியதரைக் கடலோரத்து எலுமிச்சைகளை லாரியில் கொண்டுவந்து இங்கே பாறையைக் குடைந்த கிடங்குகளில் அடுக்குகிறார்கள். வெளியே கோடையோ பனியோ, உள்ளே குளிர்ச்சி மாறாது, மின்சாரமே வேண்டாம், மாதக்கணக்கில் பழம் கெடாது. கதவு திறந்திருந்த ஒரு கிடங்கின் வாசலில் நின்றோம். அன்றைக்கு இரவுப் பஸ்ஸில் வந்த அதே வாசனை, ஆனால் ஒரு மலை அளவுக்கு. வேலையாள் ஒருவர் இரண்டு பழத்தைத் தூக்கிப் போட்டார். காசு வாங்கவில்லை. ராத்திரி அறையில் புளிக்காய்ச்சல் சாதத்துக்கு ஒன்றை நறுக்கினோம். சாதம் விடுதிச் சமையலறையில் வாங்கியது, வெண்ணெயும் உப்பும் போட்டே வேகவைத்திருந்தார்கள். அக்கா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

அக்டோபர் 16, புதன். கைசேரி, விமான நிலையம்

கைசேரியில் விமானத்துக்கு முன் மூன்று மணி நேரம் இருந்தது. தலைவலி மாத்திரை வாங்கி வருகிறேன் என்று கிளம்பி, நேரே மான்தே கடைக்குப் போனேன். விரல்நுனி அளவு மாவுப் பொட்டலம், உள்ளே ஒரு சிட்டிகை கொத்துக்கறி, மேலே பூண்டுத் தயிரும் மிளகாய் வெண்ணெயும். ஒரு கரண்டியில் நாற்பது நிற்க வேண்டும் என்பது இந்த ஊர்ப் பெண்களின் கைத்திறனுக்கு அளவுகோல். எண்ணினேன், பதினாறு. இருந்தாலும் 260 லீராவுக்கு இந்தப் பயணத்தின் சிறந்த சாப்பாடு.

திரும்பி வந்தேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மாத்திரை மீசையில ஒட்டியிருக்கு. நாளைக்கு ஐப்பசி பொறக்குது, ஒரு நாள் பொறுக்க முடியல உனக்கு."

கடைத்தெருவில் அவள் வாங்கியிருந்தது: பரங்கி விதை ஒரு கிலோ, திராட்சைப் பாகு ஒரு பாட்டில், கொலோன்யா கால் லிட்டர். பாகைப் பெட்டிக்குள் வைத்தாள். கொலோன்யாவை வழியில் வேண்டும் என்று கைப்பையில் வைத்தாள். நான் கவனிக்கவில்லை. நாடு திரும்பும் விமானத்துக்கான சோதனையில் பிடித்துவிட்டார்கள், நூறு மில்லிக்கு மேல் திரவம் கூடாது. சோதனை செய்தது ஒரு இளம் பெண். பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள், குப்பைத் தொட்டியைப் பார்த்தாள், அக்கா முகத்தைப் பார்த்தாள். மூடியைத் திறந்தாள்.

"அப்லா."

அக்கா இடது கையின் மேல் வலது கையைக் குழித்து நீட்டினாள். அவள் நிறைய ஊற்றினாள், விரலிடுக்கில் வழிந்தது. எனக்கும் ஊற்றினாள், வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற இரண்டு பேருக்கும் ஊற்றினாள். அக்கா கையைத் தேய்த்து முகத்தில் ஒற்றி, மிச்ச ஈரத்தைப் பழக்க தோஷத்தில் தலையில் தடவிக்கொண்டாள்.